போடிமெட்டில் ஒரு பேச்சு ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாளையாரில் வண்டி ஏறினேன். அந்த ஸ்டேஷனில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் குமாஸ்தாவாக இருக்கிறேன். தினமும் நூறு பேரை எங்கெங்கோ அனுப்பி வைக்கிறேன். நான் மட்டும் போத்தனூரைத் தாண்டிப் போனது மூன்றே முறைதான். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. சட்டைப் பையில் என் மகள் மரகதம் எழுதிய கடிதம்.

மரகதத்தை முந்தின தை மாதம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சின்னக்கானலில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சின்னக்கானல் மலையாளச் சமஸ்தானத்து எல்லைக்குள் இருக்கிறது. நாங்கள் இருப்பது இங்கிலீஷ் சர்க்கார் சீமை. கல்யாணத்தின்போது அது ஒரு விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை. போடியிலிருந்து மலையேறினால் போடிமெட்டு, அங்கிருந்து பதினோரு மைல் போனால் மகள் வீடு என்று மட்டும்தான் நினைத்தோம்.

சித்திரையில் வழி அடைபட்டது. கீழே பள்ளத்தாக்கில் எங்கோ பிளேக் என்று சொல்லி மேலே போகிறவர்களை நிறுத்தினார்கள். ஏலமலையில் எல்லைக் கல் எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு சர்க்காருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அதுவும் அந்தச் சமயம் பார்த்து முற்றிக்கொண்டது. நோயில்லை என்று மேலே டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு கீழே செல்லாது. கீழே எழுதிக் கொடுப்பது மேலே செல்லாது. சீட்டுச் செல்லாததால் ஆளும் போக முடியாது. யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்து உத்தியோகஸ்தர்களும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று உத்தரவு இருந்ததாக மட்டும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில் என் மனைவி மயிலாத்தாள் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மரகதத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். தபால் கோட்டயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, வழியில் மூட்டைகளைப் புகைபோட்டு வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் தபால் ஆபீசில் சொன்னார்கள். தந்தி கொடுக்கலாம் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மரகதம் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இந்தச் செய்தியை நாலு வார்த்தையில் அடித்து யார் கையிலோ கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் அவளிடமிருந்து கடிதம் வந்தது. என் கடிதங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போடிமெட்டில் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எல்லைக் கோட்டருகே வந்து நின்று பேசிக்கொள்ள விடுகிறார்களாம். ஆவணி முதல் ஞாயிறு அவளும் மாப்பிள்ளையும் வருகிறார்களாம். ‘நீங்களும் அம்மாவும் வந்தால் முகமாவது பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தாள்.

அதற்காகத்தான் இந்தப் பயணம்.

போத்தனூரில் வண்டி மாறி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வலப்பக்கம் வழிநெடுக மலை கூடவே வந்தது. எங்கள் ஊரிலும் மலை உண்டு; வாளையாரில் பிளாட்பாரத்தில் நின்றால் மலை முகத்தில் இடிக்கும். ஆனால் ஒரு பகல் முழுக்க வண்டி ஓடியும் தீராத மலையை அன்றுதான் பார்த்தேன். அதன் அந்தப் பக்கத்தில் என் மகள் இருக்கிறாள் என்ற நினைப்போடு பார்த்ததாலோ என்னவோ, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மதுரையில் தங்கி, சனிக்கிழமை காலை போடி போகும் சின்ன ரயிலில் ஏறினேன். ரயில்வே பாஸ் இருந்ததால் இதுவரை எனக்குச் செலவில்லை. பகல் இரண்டு மணிக்குப் போடிநாயக்கனூர். ஸ்டேஷன் வாசலிலிருந்து மலையடிவாரத்து முந்தலுக்கு ஐந்து மைல். மாட்டு வண்டிக்கு எட்டணா கேட்டார்கள். முந்தலில் ஒரு சாவடியில் படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. சாவடிக்குப் பின்னால் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் முப்பது நாற்பது வரிசையாகக் கட்டியிருந்தன. நான்கு மாதமாகச் சுமையில்லை. ஏலக்காய் இறங்கவில்லை, அரிசி ஏறவில்லை. தின்று கொழுத்து, நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு நின்றன. அவற்றை ஓட்டுகிறவர்கள்தான் இளைத்துப் போயிருந்தார்கள்.

ஞாயிறு விடியக் கிளம்பினோம். அன்று மேலே போகிறவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கும். பெண்களும் கிழவர்களும் உண்டு, கைக்குழந்தைகளும் உண்டு. மெட்டுக்கு ஏழு மைல் என்றார்கள். என் பக்கத்தில் ஓர் அம்மாள் நடந்து வந்தாள். பெயர் பேச்சியம்மாள், நாற்பது வயதிருக்கும், போடியில் இலவம்பஞ்சுக் கொட்டடியில் வேலை. புருஷன் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கங்காணி. வழி அடைத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் ஏறி இறங்குகிறாள். நான் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டாள், மகளை என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

“புதுசா வர்றீக. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்கய்யா,” என்றாள். “காத்து மேக்கருந்து அடிக்கும். அவுக பேசுறது பக்கத்துல நின்னு பேசுறாப்புல நமக்குக் கேட்கும். நாம பேசுறத அந்தக் காத்து தின்னுப்புடும். காத்து ஓயுற நேரம் பாத்து வார்த்தைய விடணும்.”

பாதை கருங்கல் பாவியது. கழுதைக் குளம்பு தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு கல்லிலும் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகளிலெல்லாம் இப்போது மண் சேர்ந்து புல் முளைத்திருந்தது. மூன்றாவது மைலில் ஓர் ஊற்று. தண்ணீரில் கை வைத்ததும் விரல் மரத்தது. அங்கே திரும்பிப் பார்த்தேன். போடி ஊர் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது போலக் கிடந்தது. அதற்கப்பால் கண்மாய்கள், அவற்றுக்கும் அப்பால் சிவப்பாகப் பருத்திக்காட்டு நிலம், பிறகு வானம் எது நிலம் எது என்று தெரியாத ஒரு வெளிர்ப்பு. அவ்வளவு பூமியை ஒரே பார்வையில் நான் அதுவரை கண்டதில்லை. பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாவது மைலில் குளிர் ஆரம்பித்தது. கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். கீழே வியர்த்த சட்டை முதுகில் பனிக்கட்டி போல ஒட்டியது. மரங்களின் தண்டெல்லாம் பாசி பிடித்துக் கம்பளி உடுத்தியது போல நின்றன. பேசிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மேலே போய்ப் பேசுவதற்காக மூச்சைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒன்பதரை மணிக்கு மெட்டை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு நாலாயிரத்தைந்நூறு அடி உயரம் என்று அங்கே ஒரு பலகை. மலையின் இரண்டு தோள்களுக்கு நடுவே குதிரைச் சேணம் போல ஒரு தாழ்வு, அதுதான் மெட்டு. இந்தப் பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டு. அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று. நடுவே முப்பது தப்படி அகலத்துக்கு யாரும் மிதிக்காத புல்வெளி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு காவல் குடிசை, குடிசை முன்னால் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. நம் பக்கம் காக்கி கால்சராயும் காலுறையுமாக ஒரு போலீஸ் சேவகர். எதிர்ப்பக்கம் சமஸ்தானத்துத் தலைப்பாகையோடு ஒரு காவல்காரர், நரைத்த மீசை. இருவரும் நாள் முழுக்க எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். நான்கு மாதத்தில் ஒருமுறைகூட ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

பத்துக்குத் தண்டவாளத்தை அடித்தார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் மூங்கிலில் வந்து சாய்ந்தார்கள். ஒரே சமயத்தில் நூற்றைம்பது பேரும் வாயைத் திறந்தார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் இரைச்சல் உண்டு; அதில் யாரும் யாரையும் தேடுவதில்லை. இங்கே ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு முகத்தை நோக்கிப் போயிற்று. ஒருவன் எருதை விற்கலாமா என்று கேட்டான். எதிரே நின்ற அண்ணன் தம்பி மூவரும் அதை வைத்துத் தங்களுக்குள் சண்டையே போட்டார்கள். ஒருத்தி புதிதாக நெய்து வாங்கிய சேலையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். அங்கிருந்து அவள் தாய் அகலத்தைக் கேட்டாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு தகப்பன் பிறந்து இரண்டு மாதமான குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான்; இங்கே ஒரு முழுக் குடும்பம் பேச்சை விட்டுவிட்டு அதைப் பார்த்தது. எந்தப் பொருளையும் தரவோ எறியவோ கூடாது. பார்க்கலாம், பேசலாம், அவ்வளவே. அந்த இரைச்சலுக்குள் ஒவ்வொருவருக்கும் தன் ஆளின் குரல் தனியாகக் கேட்டது என்பதுதான் எனக்கு இன்றும் அதிசயம். ஏனென்றால் எனக்கும் கேட்டது.

“அப்பா, அம்மா வருலீங்களா?”

மரகதம் வலது கோடியில் நின்றாள். பச்சைச் சேலை, மேலே மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை அவளது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள் சொன்னபடியே அவள் குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வருவது போல வந்தது.

‘இல்லை’ என்றேன். அவள் காதருகே கையைக் குவித்தாள். மறுபடி உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

“மல ஏற முடியலீங்களா? கீழ சாவடில உக்காந்திருக்காங்களா?”

என் முதுகுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். பிந்தி வந்தவர்கள் இன்னும் ஒருவர் இருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் அவள் எக்கிப் பார்த்தாள். அது வேறு யாரோ என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். இப்படி நாலைந்து முறை நடந்தது. நான் மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலையேறி வந்ததே இதைச் சொல்லத்தான். ஆனால் வாயில் வந்த சொல்லை முப்பது தப்படி எறிய வேண்டும். காற்று பாதியைத் தின்னும். நூற்றைம்பது பேர் நடுவே அவள் கையைக் குவித்துக்கொண்டு ‘என்ன, என்ன’ என்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

என் தவிப்பைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒருவர் அருகே வந்தார். போடியில் தண்டோரா போடுகிறவர், எடுப்பான குரல். குரல் எட்டாதவர்களுக்காக அவர்தான் பேசுவது என்று அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. காசு வாங்குவதில்லை.

“என்ன சேதின்னு சொல்லுங்கய்யா. நான் ஒரு சத்தம் குடுக்குறேன், அந்தப் பாறையில முட்டித் திரும்பும்,” என்றார்.

அவர் முகத்தில் உபகாரம் செய்யும் ஆசை தவிர வேறொன்றும் இல்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாமுங்க, இது நான் சொல்லோணும்,” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு விலகிப் போய்விட்டார்.

மரகதம் தன் செய்திகளைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாந்தி நின்றுவிட்டது. தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் மாங்காய் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீட்டு ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காருகிறது. ஏழாம் மாதத்துக்குள் வழி திறந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அதற்குள் அம்மாவைப் பிரசவத்துக்கு மஞ்சள் இடித்து வைக்கச் சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. என் மகளுக்கு நான் சொன்ன முதல் பொய் அது, வாயால்கூடச் சொல்லவில்லை.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். மேற்கே, அவர்களுடைய தலைக்கு மேலே, மலைத் தோள் வெளுத்தது. முதலில் புகை என்று நினைத்தேன். அது இறங்கிற்று. மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல், நடந்து வருகிற வேகத்தில் வந்தது. எதிர்ப்பக்கத்துக் குடிசை மறைந்தது. கடைசி வரிசையில் நின்றவர்கள் மறைந்தார்கள். தூக்கிப் பிடித்த குழந்தை ஒரு கணம் தனியாக ஆகாயத்தில் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மரகதத்தின் பின்னால் மாப்பிள்ளை மறைந்தார். மரகதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைச் சேலை சாம்பலாயிற்று, பிறகு வெள்ளையாயிற்று. பிறகு அவள் நின்ற இடத்தில் மேகம் இருந்தது.

அது புல்வெளியைக் கடந்து என்மேல் வந்தபோது முகத்தில் ஈரத் துணியைப் போட்டது போலிருந்தது. என் கை பிடித்திருந்த மூங்கில் எனக்கே தெரியவில்லை.

காற்று அடியோடு நின்றுவிட்டது. அத்தனை பேரும் ஒருசேர வாயை மூடினார்கள். அந்த அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. இலைநுனியிலிருந்து சொட்டு விழுவது கேட்டது. அப்புறம், இடப்புறத்தில் எங்கோ, மூங்கில் கிறீச்சென்றது. புல்லை மிதிக்கும் சத்தம். அப்புறம் வலப்புறத்திலும். பிறகு எல்லாப் பக்கத்திலும்.

டிக்கெட் இல்லாமல் ஓர் ஆளைக் கேட்டுக்கு வெளியே விட்டவன் இல்லை நான். விதி என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் யோசிக்காத உத்தியோகம் என்னுடையது. அன்று நான் குனிந்தேன். மூங்கில் என் முதுகை உரசியது. அந்தப் பக்கம் நிமிர்ந்து, முழங்கால் உயரப் புல்லில் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். பத்து எட்டு வைத்திருப்பேன்.

“அப்பா.”

கத்தவில்லை, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். நீட்டிய கையில் கறுப்புக் கோட்டின் சொரசொரப்பு பட்டது. அவள் முகம் ஒரு முழ தூரத்தில் தெரிந்தது. புருவத்திலும் முடியிலும் நீர்த்துளி கோத்திருந்தது. அவள் முதலில் என் பின்னால்தான் பார்த்தாள்.

“கண்ணு, அம்மா போயிட்டாங்க,” என்றேன். “ஆனிக் கடைசில. காய்ச்சல்.”

அவள் அழவில்லை. என் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பின்னாலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டார். “ஆடி நோம்பிக்கு முந்தியா?” என்று கேட்டாள். ஆமாம், பண்டிகைக்கு முந்தித்தான் என்றேன்.

“நோம்பியன்னைக்கு நான் புதுச்சீல கட்டிட்டுத் தூரி ஆடுனனுங்களே.”

அம்மா போனது தெரியாமல் ஊஞ்சல் ஆடியதைச் சொன்னாள். அவளுக்குத் தெரியாததைப் பற்றி அவள்மேல் என்ன குற்றம் என்று ஏதோ சொன்னேன். கடைசியாக அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். காய்ச்சல் மும்முரத்தில் மரகதம் வீட்டில்தான் இருக்கிறாள் என்று மயிலாத்தாள் நினைத்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்கவேண்டும், வா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அவ்வளவுதான். வேறு பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்தேன். வகிடு சில்லென்று ஈரமாயிருந்தது. கையை எடுக்காமல் நின்றேன். அப்போதுதான் அவள் உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

எங்களைச் சுற்றி அந்த வெள்ளைக்குள் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். ஒருவரும் தெரியவில்லை. கிசுகிசுப்பு கேட்டது. எங்கோ ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள். எங்கோ ஒரு குழந்தை கை மாறி, புது ஆளின் வாசனைக்குச் சிணுங்கியது. கூலிக்காரர்களும் கங்காணிகளும் கழுதை ஓட்டுகிறவர்களும் இரண்டு சர்க்காருக்கு நடுவே முப்பது தப்படி புல்லில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய மேகத்துக்குள் அவ்வளவு சின்னக் குரல்கள்.

எதிர்ப்பக்கத்துத் தண்டவாளம் ஒரு முறை மெல்ல ஒலித்தது. உடனே, பதில் போல, நம் பக்கத்துத் தண்டவாளமும் ஒலித்தது. மேடான இடத்தில் இருக்கும் காவல்காரருக்கு மேகம் விலகுவது முதலில் தெரியும். மாப்பிள்ளை, “நேரமாச்சுங்க மாமா,” என்றார். என்னைக் கும்பிட்டார். மரகதம் என் கம்பளி நுனியை விட்டாள்.

நான் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வந்து நிமிரும்போது வெள்ளை மெலிந்துகொண்டிருந்தது. புல்வெளி தெரிந்தது. காலியாக இருந்தது. இரண்டு பக்கத்து மூங்கிலிலும் ஜனங்கள் முன்பு நின்ற இடத்திலேயே சாய்ந்து நின்றார்கள். எல்லோருடைய தலையும் நனைந்திருந்தது. இரண்டு காவல்காரர்களும் அவரவர் குடிசை முன்னால் நின்றார்கள். இருவர் முகமும் எல்லைக்கு எதிர்த்திசையில், மலையைப் பார்த்திருந்தது.

மரகதம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத நாலைந்து பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்; ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்தாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு மூங்கில் வரை வந்தாள். காற்று மறுபடி எழும்பியிருந்தது. அவள் குரலை அது கொண்டுவந்தது.

“அப்பா, வெளிச்சத்தோட எறங்கீருங்க. வேளா வேளைக்கு உண்ணுங்க.”

அவள் அம்மா சொல்கிற மாதிரி இருந்தது. கை காட்டினேன்.

இறங்குவதற்கு முன் போலீஸ் சேவகரிடம் வரிசையில் நின்று ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். பெயர், ஊர், யாரோடு பேசினது. கடைசியாக ஒரு கேள்வி.

“எல்லைக் கோட்டைத் தாண்டினீகளா?”

“இல்லீங்க,” என்றேன்.

சர்க்கார் புத்தகத்தில் நான் அறிந்து எழுதவைத்த பொய் அது ஒன்றுதான். அவர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் கீழே பார்த்தேன். என் வேஷ்டிக் கரையெங்கும் புல்வெளியின் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. அவருடைய காக்கிக் காலுறையிலும், முழங்கால் வரைக்கும், அதே ஒட்டுப்புல்.

பாதையில் இறங்கும்போது பேச்சியம்மாளிடம் சேவகரின் காலுறையைப் பற்றிச் சொன்னேன். மெட்டில் நிற்கிறவர்களைப் பற்றியெல்லாம் தன் வீட்டு விஷயம் மாதிரி அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

“அவரு கூடப் பொறந்தவளப் பூப்பாறையில குடுத்திருக்காக. அவுகளும் ஞாயித்துக்கெழம வருவாக.”

அந்தப் பக்கத்துக் காவல்காரருக்கு இந்தப் பக்கம் யார் என்று கேட்டேன்.

“அவருக்கு இங்க ஆருமில்லய்யா. மலையாளத்துல எங்கிட்டோ ஊரு. ஆனா மேகம் வந்தா மொதல்ல முதுகத் திருப்புறது அவருதான்.”

மலையின் விளிம்பில் மேகம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மெட்டைத் தாண்டி இந்தப் பக்கத்து வெயிலுக்கு வந்ததும் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. அதைப் பார்ப்பதற்காகவே பல முறை நின்றேன்.

மார்கழியில் மரகதத்துக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. லயத்துப் பெண்கள் மஞ்சள் இடித்துக் கொடுத்தார்களாம். வழி திறந்தது அடுத்த பங்குனியில்தான். பேத்திக்கு அப்போது கழுத்து நின்றுவிட்டது. எதனால் அடைத்தார்கள் என்பது போலவே எதனால் திறந்தார்கள் என்பதும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள்.

மெட்டிலிருந்து ஊர் திரும்பிய அடுத்த வாரம் ஒரு காரியமாகச் சித்தூருக்குப் போனேன். சித்தூர் கொச்சி ராஜாவின் சீமை; பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் அரைப் பொழுது. சந்தைக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு என்று எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. வழியில் ஓரிடத்தில் ஒரு ராஜ்யம் முடிந்து இன்னொன்று தொடங்கத்தான் வேண்டும். அது எந்த இடம் என்று அன்றுதான் முதல் முறையாக யோசித்தேன். வண்டிக்காரரிடம் கேட்டேன்.

அவர் முப்பது வருஷமாக அந்த வழியில் ஓட்டுகிறவர். வண்டியை நிறுத்தாமலே இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் பனைமரமும் நெல் வயலும்தான். அடுத்த வளைவு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

“தாண்டியிருப்பமுங்க,” என்றார்.